அயோடின் ஸ்கேனில் இடுப்பில் ஒரு புள்ளி: புற்றுநோய் பரவிவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய். சுரப்பியை முழுமையாக அகற்றி, கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து, தைராக்சின் மாத்திரையை நிறுத்தி எடுத்த ஸ்கேனில் வலது இடுப்பில் ஒரு புள்ளி தெரிகிறது. தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) 0.3, அதற்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. எலும்பில் பரவியிருக்குமா? மறுபடி அயோடின் டோஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: இந்தப் புள்ளியை மட்டும் நம்பி டோஸுக்குச் சம்மதிக்க வேண்டாம். அயோடின்-131 எங்கே தேங்கியிருக்கிறது என்பதைத்தான் ஸ்கேன் காட்டும். தேங்கிய இடமெல்லாம் புற்றுநோய் அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பியும் இரைப்பையும்கூட அயோடினை இழுக்கும். மீதி பெரும்பாலும் சிறுநீரிலும், கொஞ்சம் எச்சில், வியர்வை, மலத்திலும் வெளியேறும்.

இடுப்பில் புள்ளி என்றால் முதல் சந்தேகம் சிறுநீர்தான். உள்ளாடையில் ஒரு சொட்டு பட்டிருந்தாலும், முன்னும் பின்னும் எடுக்கும் தட்டைப் படத்தில் ஆழம் தெரியாததால், அது எலும்பின் மேலேயே விழும். எச்சில் துடைத்து இடுப்பில் செருகிய கைக்குட்டையும் இப்படி ஏமாற்றும். சிறுநீர் கழித்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றி மீண்டும் எடுத்தால் கறை மறைந்துவிடும். பக்கவாட்டுப் படம் எடுத்தால், புள்ளி தோலில் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று தெரியும்.

கழுவியும் போகாவிட்டால் அடுத்தது குடல். மறுநாள் படத்தில் குடலில் உள்ளது இடம் மாறியிருக்கும். எலும்பில் உள்ளது அசையாது. சினைப்பை நீர்க்கட்டி, கர்ப்பப்பை நார்க்கட்டி இரண்டும் அரிதாக அயோடினைப் பிடித்து வைப்பதுண்டு. இவற்றைப் பிரித்துச் சொல்ல, அயோடின் தேங்கிய இடத்தைச் சிடி படத்தோடு சேர்த்து முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்பெக்ட்-சிடி மிகவும் உதவும். ஆனால் அதை அன்றோ மறுநாளோ எடுத்தாக வேண்டும். தைராய்டு இல்லாத உடலில் அயோடின் சில நாட்களிலேயே வடிந்துவிடும். நாள் கடந்திருந்தால், வயிற்று அல்ட்ராசவுண்டும் இடுப்பு எம்ஆர்ஐயும் கேளுங்கள். சிடி எடுப்பதானால் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுவிட்டால், சிகிச்சை தேவைப்பட்டாலும் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போகும்.

தைரோகுளோபுலின் அளவு ஆறுதல் தருகிறது. மாத்திரையை நிறுத்தி, தைராய்டு செல்களைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் 30-க்கு மேல் ஏறிய நிலையிலும் தைரோகுளோபுலின் 1-க்குக் கீழே இருப்பது நல்ல அறிகுறி. அயோடினை இழுக்கும் எலும்புக் கட்டி இருந்தால் பொதுவாக இந்த அளவு நன்றாக ஏறியிருக்கும். ஆன்டிபாடி இருந்திருந்தால் இந்த எண்ணை நம்ப முடியாது. பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுத்த அன்று டிஎஸ்எச் எவ்வளவு என்று மட்டும் ரிப்போர்ட்டில் பார்த்துவிடுங்கள்.

இருந்தாலும் இடுப்பெலும்பு தைராய்டு புற்றுநோய் உண்மையிலேயே பரவும் இடம்தான். அதனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. எம்ஆர்ஐயில் எலும்பு மாறியிருந்தால் ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்த்த பிறகே டோஸ் பற்றிப் பேசலாம். தேவையற்ற இன்னொரு டோஸ் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கெடுத்து, தீராத வாய் வறட்சியில் கொண்டுபோய் விடக்கூடும். எலும்பு சுத்தமாக இருந்தால், 6 முதல் 12 மாதத்துக்குள் தைரோகுளோபுலினையும் ஆன்டிபாடியையும் அதே லேபில் திரும்பப் பாருங்கள். லேப் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.