ஜெப ஆலயம் போகப் பயந்தால் சபாத்தும் கத்தீஷும் என்ன ஆகும்?

சகோதரி, 2025இல் யூதர்களின் உபவாச நாளான யோம் கிப்பூர் அன்று மான்செஸ்டர் ஜெப ஆலயத்தில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு உங்கள் யூதக் கணவர் அங்கே போவதையே நிறுத்திவிட்டார், இறந்துபோன மாமனாருக்காக அவர் சொல்லிவந்த கத்தீஷ் ஜெபமும் நின்றுபோனது என்று எழுதியிருந்தீர்கள். அவர் பயம் நியாயமானது. வற்புறுத்தாதீர்கள்.

முதலில், சபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலையை வீட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹாலா ரொட்டி, திராட்சைரசம், பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம், இவை போதும். சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். நீங்கள் மதம் மாறவில்லை என்றால் அவரே ஏற்றலாம். டிசம்பரில் அங்கே நாலு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், அலுவலகத்தில் இப்போதே சொல்லிவைக்கட்டும். இதை அரைகுறை ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின், பலிபீடத்தின் இடத்தைச் சாப்பாட்டு மேசைக்கே கொடுத்தார்கள் ரபீக்கள் என்னும் யூத மதகுருக்கள்.

ஆனால் கத்தீஷ் தனியாகச் சொல்லக்கூடியது அல்ல, பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் உங்கள் வீட்டுக் கூடத்திலும் கூடலாம். ரபீயிடம் கேளுங்கள், துக்க வீட்டுக்கு ஆள் சேர்த்துத் தருவது அவர்களுக்குப் பழகிய வேலைதான். அப்புறம், மனம் தேறினால் அவர் வாசல் காவலுக்கே தொண்டராகச் சேரலாம். 1994இல் தொடங்கிய, பிரிட்டன் யூதர்களின் பாதுகாப்பு அமைப்பான கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட் அதற்குப் பயிற்சி தருகிறது.