பல்லைக் கடிப்பது வலிப்பு அல்ல, ஆனால் அந்தத் தலைவலி?

கேள்வி: எனக்கு 31-வது வாரம் நடக்கிறது. முதல் பிரசவம். இரண்டு மாதமாகத் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறேன் என்கிறார் கணவர். காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது. வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம் வருகிறது. வயிற்றில் பூச்சி, கால்சியம் குறைவு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியார் இது ஜன்னிக்கு அறிகுறி என்கிறார். இணையத்தில் தேடினாலும் வலிப்பு என்றே வருகிறது. கணவருக்கு முன்பு பல் வலிக்காகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மாத்திரை வீட்டில் இருந்தது, அதில் மூன்று நான்கு போட்டுக்கொண்டேன். ஒரு வாரமாகத் தலைவலியும் இருக்கிறது, மோதிரமும் இறுகுகிறது. குழந்தைக்கு ஏதும் ஆகிவிடுமா?

பதில்: பல்லைக் கடிப்பதால் உங்களுக்கு வலிப்பு வராது. குழந்தைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. அந்தப் பயத்தை இப்போதே இறக்கி வைத்துவிடலாம்.

ஆனால் தாடையைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, போகிறபோக்கில் ஒரு வாரத் தலைவலியையும் மோதிரம் இறுகுவதையும் சொல்லியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இந்தத் தலைவலி வந்த பிறகு பார்க்கவில்லை என்றால் இன்றே போய்ப் பாருங்கள், கூடவே சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த செக்கப்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஏன் இந்த அவசரம்? கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ஒரு தலைவலி வந்தால், இல்லை என்று உறுதியாகும் வரை அதை ரத்த அழுத்தத் தலைவலியாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ப்ரீ எக்ளாம்ப்சியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சரியாக விரிந்து அமையாமல் போவதில் தொடங்கி, தாயின் உடம்பிலுள்ள ரத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் அது தொந்தரவு செய்கிறது. அழுத்தம் ஏறும், சிறுநீரகம் புரதத்தை வெளியே விடும், கல்லீரல் பாதிக்கப்பட்டால் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், மூளை பாதிக்கப்பட்டால் தலைவலியும் கண் முன்னே மின்னுவதும் பார்வை மங்குவதும் வரும். அதையும் கவனிக்காமல் விட்டால் வருவதுதான் வலிப்பு. அந்தக் காலத்தில் பிரசவ ஜன்னி என்றார்களே, அது பல சமயம் இதுவாகவும் இருந்திருக்கும். ஆக, உங்கள் மாமியாரின் பயம் ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை. பல்லைப் பார்த்துப் பயந்தார், பார்க்க வேண்டியது பி.பி. கருவியை.

140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவருக்குத் தெரிய வேண்டும். 160/110-ஐத் தொட்டால் அது நேராக மருத்துவமனைக்குப் போகிற அவசரம், நடு இரவாக இருந்தாலும் சரி. எண் எதுவாக இருந்தாலும், பாராசிட்டமால் போட்டும் போகாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்குவது கர்ப்பத்தில் சகஜம், அதற்காக யாரும் ஓட வேண்டாம். மோதிரம் மெல்ல மெல்ல இறுகுவதும்கூட அது மட்டும் என்றால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். தலைவலியோடு சேர்ந்து வந்ததால்தான் கேட்கிறேன்.

இது தாடையால் வந்த தலைவலியாக இருக்க வாய்ப்பில்லையா? தாராளமாக இருக்கலாம். இரவு முழுக்கப் பல்லைக் கடித்தவர்களுக்கு, காலையில் எழும்போது இரண்டு பொட்டிலும் மந்தமாக ஒரு வலி இருக்கும், எழுந்து நடமாடினால் ஓரிரு மணி நேரத்தில் குறையும். பின்பற்களைச் சேர்த்துக் கடித்துக்கொண்டு கன்னத்தில் விரல் வைத்துப் பாருங்கள், தாடையின் கோணத்துக்கு மேலே ஒரு தசை புடைத்துக்கொண்டு எழும். கடியை விட்டுவிட்டு அதையே அழுத்தினால் சுரீரென்று வலித்து, அந்த வலி பொட்டு வரை ஏறினால், உங்கள் தலைவலியில் தாடைக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்தச் சோதனை பி.பி. கருவிக்கு மாற்று அல்ல. ஒரே ஆளுக்கு இரண்டு பிரச்சினையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான். இன்னொருவருக்கு, இன்னொரு வலிக்கு எழுதிய மாத்திரையைக் கர்ப்பிணி எடுத்துப் போட்டுக்கொள்வதா? டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் எல்லாம் ஒரே குடும்பம். 20 வாரத்துக்கு மேல் இவை குழந்தையின் சிறுநீரகத்தின் வேலையைக் குறைக்கலாம். பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான் என்பதால் நீரும் குறையும். 30 வாரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் இன்னொரு ஆபத்து: குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில், பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கலாம். 2020-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 20 வாரத்திலிருந்தே இவற்றைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. போதாக்குறைக்கு இவை தாயின் ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம்.

பயப்படாதீர்கள், எப்போதோ போட்ட மூன்று நான்கு மாத்திரையால் கெடுதல் நேர்ந்திருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் இன்றோடு நிறுத்துங்கள், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டிருந்தால் நீரின் அளவைப் பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். பாராசிட்டமாலோடு இதே மருந்துகளைச் சேர்த்த மாத்திரைகளும் உண்டு, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வலி தைலம், ஜெல் என்று தடவுபவற்றிலும் இவை இருக்கும், அதுவும் வேண்டாம். தனிப் பாராசிட்டமால் போடலாம், உங்கள் மருத்துவர் சொன்ன அளவில், தேவைப்படும் நாட்களில் மட்டும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது: ப்ரீ எக்ளாம்ப்சியாவைத் தடுக்க உங்கள் மருத்துவரே குறைந்த அளவு ஆஸ்பிரின் தந்திருந்தால், நான் எழுதியதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

சரி, தாடை. காதுக்கு முன்னால் இருக்கும் அந்த மூட்டில், இரண்டு எலும்புகளுக்கும் நடுவே சின்ன மெத்தை மாதிரி ஒரு தட்டு உண்டு. அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்து, வாயைத் திறக்கும்போது மறுபடி இடத்தில் உட்காரும் சத்தம்தான் ‘டக்’. வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. கேட்கிறதா என்று நாளுக்கு நாற்பது முறை வாயைத் திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் மூட்டு நோகும்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பது பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேரிடம் உண்டு. தூக்கத்திலிருந்து மூளை லேசாக மேலெழும் நொடிகளில் தாடைத் தசை இயங்குவதுதான் அது. கர்ப்பத்தில் தூக்கம் துண்டு துண்டாகிறது. சிறுநீர் முட்டி எழுப்புகிறது, நெஞ்சு எரிகிறது, மூக்கு அடைக்கிறது, புரண்டு படுக்க முடியவில்லை. தூக்கம் கலையக் கலையக் கடியும் கூடுகிறது. பூச்சிக்கும் இதற்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை, பூச்சி மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். குழந்தை உங்கள் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவதும் இல்லை. அதிர்வு குழந்தையை எட்டுமா என்றெல்லாம் தேட வேண்டாம், எட்டாது.

புதிதாகக் குறட்டை விடுகிறீர்களா என்று மட்டும் கணவரைக் கேளுங்கள். பல்லைக் கடிப்பதோடு பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கர்ப்பத்தில் புதிதாக வரும் குறட்டைக்கும் பி.பி. ஏறுவதற்கும் தொடர்பு உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அவற்றில் சில கடியைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதித் தந்தவரிடம் கேளுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. விழித்திருக்கும்போது உதடு சேர்ந்திருக்கட்டும், பற்கள் சேர வேண்டாம். ‘ன்’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், நாக்கின் நுனி மேல்பற்களுக்குப் பின்னால் எங்கே நிற்கிறதோ, அங்கேயே ஓய்வாக இருக்கட்டும். பல் தொட்டுக்கொள்வதே சாப்பிடும்போதும் விழுங்கும்போதும்தான் இருக்க வேண்டும். பெரும்பாலோர் பகலிலும் போனைப் பார்த்தபடி கடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. வெதுவெதுப்பான துணியைப் படுக்கும் முன் கால் மணி நேரம் கன்னத்தில் வையுங்கள். சூயிங்கம் வேண்டாம், கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துத் தடுங்கள். பக்கவாட்டில் படுக்கும்போது தாடைக்கு அடியில் உள்ளங்கையை மடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

பல் தேய்கிறது, கூசுகிறது என்றால் பல் மருத்துவர் அளவெடுத்து நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, செய்து தருவார். கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது. கடியை நிறுத்தாது, பல்லைக் காக்கும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டு மாட்டிக்கொள்ளும் மெத்தென்ற கார்டுகள் சிலருக்குக் கடியைக் கூட்டிவிடுகின்றன. பல் எக்ஸ்ரே தேவைப்பட்டால் எடுக்கலாம், மரத்துப்போகும் ஊசியும் போடலாம். தாடையில் போடாக்ஸ் ஊசி, தசை தளர்த்தும் மாத்திரை, கடி சரியில்லை என்று பல்லை ராவுவது, இவை எதற்கும் இப்போது சம்மதிக்காதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது.

தாடைக்காக அவசரமாகப் போக வேண்டியது ஒரே நிலையில்தான்: கொட்டாவியிலோ வாந்தியிலோ வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டால். அதை வீட்டில் தள்ளிப் பார்க்கக் கூடாது. வாய் முழுதாகத் திறக்காமல் நின்றுவிட்டால் ஓரிரு நாளுக்குள் காட்டினால் போதும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்திப் பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பிரசவத்துக்கு முன்பே மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். அவசரமாகச் சிசேரியன் நேர்ந்து, முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் விட வேண்டி வந்தால், வாய் எவ்வளவு திறக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பிரசவம் முடிந்த பிறகும் ஆறு வாரம் வரை இந்தத் தலைவலி விதி அப்படியே இருக்கிறது. குழந்தை தூங்கவிடவில்லை, அதனால்தான் தலை வலிக்கிறது என்று நீங்களாக முடிவு கட்டாமல், அப்போதும் பி.பி. பாருங்கள்.