ஏரிக்கரையில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை

அன்புள்ள ஐயா,

மனம் சோர்ந்திருக்கிறது என்று சொன்னால் எல்லாரும் ‘வெளியே போ, மரம் செடியைப் பார், சரியாகிவிடும்’ என்கிறார்கள். ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போய் நடக்கிறேன். அவர்கள் சொல்லும் பரவசம் ஒரு நாள்கூட வரவில்லை. என்னிடம்தான் கோளாறா, இல்லை இதெல்லாம் வெறும் கதையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. பரவசம் வரும் என்று சொல்லி அனுப்பினார்களே, அதுதான் தப்பு.

2008-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. சிலரை மரங்கள் அடர்ந்த தோட்டத்திலும் பரபரப்பான நகரத் தெருவிலும் வெவ்வேறு நாட்களில் நடக்கவைத்து, திரும்பி வந்ததும், கேட்ட எண்களைக் கடைசியிலிருந்து தலைகீழ் வரிசையில் சொல்லச் சொன்னார்கள். தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தபோது நன்றாகச் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இனிமேல் வருவதுதான்: கடுங்குளிரில் நடந்தவர்களுக்கு அந்த நடை அவ்வளவாகப் பிடிக்கவே இல்லை, ஆனால் பலன் மட்டும் கோடையில் ரசித்து நடந்தவர்களுக்குக் கிடைத்த அதே அளவு! அதாவது சந்தோஷப்பட்டால்தான் பலன் என்று எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். கணக்குப் பார்ப்பது, வண்டி வருகிறதா என்று கவனித்துச் சாலையைக் கடப்பது, கோபத்தை அடக்குவது எல்லாமே நாம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கவனம், அது களைத்துப்போகும். இலை அசைவது, தண்ணீரில் வெளிச்சம் ஆடுவது இவையெல்லாம் நம்மை எதுவும் கேட்பதில்லை, கண் தானாக அங்கே போகும், அந்த நேரத்தில் இழுத்துப் பிடிக்கும் கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. தூக்கத்தில் நாம் ஓய்வை உணர்வதில்லையே, இதுவும் அப்படித்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நடக்கும்போது ‘இப்போது நன்றாக இருக்கிறதா, ஏதாவது மாறியதா’ என்று உள்ளேயே பார்த்துக்கொண்டு நடக்கிறீர்களா? என் அப்பா இறந்த வருடம் நானும் அப்படித்தான் நடந்தேன், மாலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்த சோர்வோடு, என்னை நானே சோதித்துக்கொண்டே நடந்த சோர்வும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் மீன்கொத்தி ஒன்று ஒரே கிளையிலிருந்து திரும்பத் திரும்பக் குதிப்பதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். அன்றைக்குத்தான் என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் நின்றது. 2015-ல் வந்த ஸ்டான்போர்டு ஆய்வு ஒன்றும் இதைத்தான் சொல்கிறது: புல்வெளியும் மரங்களுமாக இருந்த இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு, தன்னைப் பற்றியே அசைபோடும் எண்ணம் குறைந்தது, போக்குவரத்து நிறைந்த சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

அப்புறம், சில நாள் போக முடியாமல் போனாலும் வருந்த வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் தங்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள், ஒரே நாளிலா பல நாளிலா என்பது வித்தியாசம் செய்யவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இருக்கலாம், அதனால் இதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எழுதிய சோர்வு பல வாரமாகத் தொடர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். ஏரிக்கரை அதற்கு மாற்று அல்ல. ஆனால் நடையை விட்டுவிடாதீர்கள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மாதம் கழித்து எழுதும்போது எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.