கொரோனாவின் ஸ்பைக் புரதத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தால் என்ன?

சும்மா ஒட்டியிருக்கும் சர்க்கரையால் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே ஆகும்.

ஸ்பைக் என்பது வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்; மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் 22 இடங்களில், அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தில் சர்க்கரை தொங்க வாய்ப்புண்டு, மொத்தம் 66. அதை மாட்டிவிடுவது வைரஸ் அல்ல, நம் செல்லேதான்! நம்முடைய சர்க்கரையையே போர்த்திக்கொண்டு வருவதால் அடியிலுள்ள புரதம், கிருமியைப் பிடிக்க நம் உடல் உருவாக்கும் ஆன்டிபாடிக்கு எளிதில் எட்டுவதில்லை.

அப்புறம், இது வெறும் போர்வையும் அல்ல. வைரஸ் உள்ளே நுழைய வாசலாகும் நம் செல்லின் ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஸ்பைக்கின் பகுதி நிமிர்ந்து நிற்க, 165, 234-ஆம் இடங்களின் சர்க்கரைகள் முட்டுக்கொடுக்கின்றன. 2020-இல் கணினி மாதிரியில் இதைப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் அவற்றை நீக்கியபோது பிடிப்பும் குறைந்தது.

நிமிர்ந்த அந்த முனையில் போர்வை மெலிவு. தடுப்பூசி தூண்டும் வலுவான ஆன்டிபாடிகள் பலவும் அங்கேதான் போய் ஒட்டுகின்றன.