சின்ன அறைக்கு எந்த ஸ்பீக்கர்? கேளுங்கள், சொல்கிறேன்

ஸ்பீக்கர் பெட்டி கட்டுவதும் பழையதைப் பழுது பார்ப்பதும் என் தொழில். இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் கேட்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள், கேட்கும்போது மூன்று அளவுகளைச் சொல்லிவிடுங்கள்: ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு, நீங்கள் உட்காரும் இடம் அவற்றிலிருந்து எவ்வளவு தூரம். இவை தெரியாமல் மாடல் பெயர் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: அண்ணா, என் அறை 3 மீட்டருக்கு 3.5 மீட்டர். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க முடியாது. நடுவே 1.5 மீட்டர், உட்காருவது 1.8 மீட்டர் தூரத்தில். 5 இன்ச் வூஃபரா, 6.5 இன்ச்சா?

பதில்: அளவுகளோடு வந்ததற்கு நன்றி தம்பி. முதலில் சுவர் விஷயம். வூஃபர் என்பது அசையும் பெரிய கோன் (கூம்பு) உள்ள பகுதி, அதிலிருந்து வரும் தாழ்ந்த சத்தம், அதாவது பேஸ், பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய், சுவரில் பட்டுத் திரும்பி, முன்னால் வரும் சத்தத்தோடு சேர்கிறது. மிகத் தாழ்ந்த சுருதியில் இரண்டும் ஒன்றாகக் கூடி பேஸ் 6 டெசிபல் வரை ஏறும், மூலையில் வைத்தால் இன்னும் அதிகம். ஆனால் இடைவெளி அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் சுருதியில் இரண்டும் எதிரெதிராக மோதி அடங்கிவிடும். கோனிலிருந்து சுவர் ஒரு மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 86 ஹெர்ட்ஸ் பக்கம், அரை மீட்டர் என்றால் 171 பக்கம். உங்கள் 20 சென்டிமீட்டரோடு பெட்டியின் ஆழத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அரை மீட்டர்தான், அதாவது ஆண் குரலின் கனம் இருக்கும் சுருதியிலேயே பள்ளம். அதனால் உங்களுக்கு ஆழம் குறைந்த, மூடிய பெட்டியோ முன்பக்கம் போர்ட் (பெட்டியில் உள்ள காற்றுத் துளை) உள்ளதோ வாங்கி, பின்னால் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் விட்டுச் சுவரோடு ஒட்டி வைப்பது நல்லது. பள்ளம் மேலே நகரும், அங்கே அது அவ்வளவு உறுத்தாது. பேஸ் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) பேஸைக் குறைத்துக்கொள்ளலாம்.

வூஃபர் அளவுக்கு வருகிறேன். 6.5 இன்ச் கோனின் பரப்பு 5 இன்ச்சை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே போனால், அதாவது ஹெர்ட்ஸ் பாதியானால், கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும், 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் ஆடுவது 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் ஆடியாக வேண்டும். சின்னக் கோன் திணறுவது இதனால்தான். ஆனால் 1.8 மீட்டரில், மிதமான சத்தத்தில் கேட்பவருக்கு 5 இன்ச் போதும். மேல்சுருதி தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும், ஸ்பீக்கரை உங்கள் பக்கம் லேசாகத் திருப்புங்கள். இவை இரண்டும் செலவில்லாத வேலை, செய்யாமல் விடாதீர்கள்.

கேள்வி: புத்தக அலமாரிக்குள் வைக்கலாமா? புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றுதானே பெயர்?

பதில்: வைக்கலாம், ஆனால் பின்பக்க போர்ட் உள்ளதை வைக்காதீர்கள். அலமாரி முன்பக்கம் தவிர எல்லாப் பக்கமும் அடைத்த குகை, பேஸ் அதற்குள் குமுறும். பெட்டியின் முகம் அலமாரி விளிம்போடு சமமாகவோ சற்று வெளியே நீட்டியோ இருக்கட்டும், சுற்றிலும் புத்தகங்களை நிரப்பிவிடுங்கள். ஏற்கெனவே பின்பக்க போர்ட் உள்ளதை வாங்கிவிட்டீர்கள் என்றால் போர்ட்டில் பஞ்சு அடைப்பான் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை வாட் ஆம்ப் வேண்டும் சார்? கடையில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது.

பதில்: அந்த 1000 பெட்டியின் மேல் அச்சடித்த எண், அதை மறந்துவிடுங்கள். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம், 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொரு வாட் கொடுத்தால், 2 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 83 டெசிபல் வரும். சாதாரணமாகக் கேட்கும் சராசரி 70, 75தான். தவில், டிரம் அடிக்கும்போது அதற்கு மேல் 20 டெசிபல் துள்ளும், அப்போதுகூட 16 வாட்டில் வேலை முடிந்துவிடும். 30 முதல் 50 வாட் நேர்மையான ஆம்ப் ஒன்று போதும். ஆம்ப் மூச்சு முட்டி அலையை வெட்டும் நிலைக்குத் தள்ளிவிடாதீர்கள், என்னிடம் வரும் எரிந்த ட்வீட்டர்கள் பெரும்பாலும் அப்படி எரிந்தவைதான். இன்னொன்று, 4 ஓம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால் அது 2 வாட்டுக்கான எண், 8 ஓமோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

கேள்வி: சின்ன ரூமுக்கு பெஸ்ட் ஸ்பீக்கர் எது?

பதில்: மூன்று அளவுகளும் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கேள்வி: சார், அடிப்படையிலேயே ஒரு தவறு இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். 3.5 மீட்டர் அறைக்குள் அந்த அலை பிறக்கவே முடியாது. அதனால் சின்ன அறைக்கு ஆழமான பேஸ் உள்ள ஸ்பீக்கர் வாங்குவதே வீண்.

பதில்: இது பல காலமாகச் சுற்றிவரும் தவறான நம்பிக்கை, இதை நம்பி நல்ல ஸ்பீக்கரை வேண்டாம் என்று விட்டவர்கள் நிறைய, அதனால் விரிவாகவே சொல்கிறேன். காது அலைநீளத்தை அளப்பதில்லை. செவிப்பறைக்கு முன்னால் காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதைத்தான் உணர்கிறது. ஹெட்ஃபோனுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான், அதில் 40 ஹெர்ட்ஸ் கேட்கிறதே! காருக்குள் எட்டரை மீட்டர் எங்கே இருக்கிறது?

கேள்வி (அதே நண்பர்): கார், ஹெட்ஃபோன் எல்லாம் இறுக்கமாக மூடியவை. என் வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். அறையில் உட்கார்ந்தால் பேஸ் இல்லை, அடுத்த அறைக்குப் போனால் திம் திம் என்று கேட்கிறது. அலை வெளியே போய்த்தான் முழுமையாகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

பதில்: நீங்கள் கேட்டது உண்மை, காரணம் வேறு. அறையில் எங்கே உட்காருகிறீர்கள்? நடுவில் என்று நினைக்கிறேன். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அலை முன்னும் பின்னும் போய்த் திரும்பி நிலை அலையாக நின்றுவிடும். அறை நீளத்தின் இரு மடங்கு அலைநீளம் உள்ள சுருதிதான் அதில் முதலாவது, 3.5 மீட்டருக்கு அது 49 ஹெர்ட்ஸ், 3 மீட்டருக்கு 57. அந்தச் சுருதியில் சுவரோரம் அழுத்தம் உச்சம், சரியாக நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நீங்கள் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஸ்பீக்கரில் 49 ஹெர்ட்ஸ் மட்டும் மிதமாக ஓட விட்டு, நடுவிலிருந்து பின்சுவர் வரை மெல்ல நடந்து பாருங்கள். அதே அறை, அதே ஸ்பீக்கர், கதவு மூடியபடியே இருக்கட்டும்.

கேள்வி (வேறொருவர்): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அறை 4 மீட்டர், கணக்குப் போட்டு 43 ஹெர்ட்ஸ் வைத்து இப்போதே நடந்து பார்த்தேன். நடுவில் சத்தம் காணாமல் போகிறது, சுவரில் தலை சாய்த்தால் அடிவயிறு வரை அதிர்கிறது! ஸ்பீக்கர் சரியில்லை என்று விற்க இருந்தேன்.

பதில்: விற்காதீர்கள், நாற்காலியை நகர்த்துங்கள். நடுவை விட்டு அரை மீட்டர் பின்னால் போனாலே பெரிய மாற்றம் தெரியும். சுவரோடு ஒட்டியும் உட்கார வேண்டாம், அங்கே பேஸ் ஊதிப்போயிருக்கும்.

கேள்வி (முன்பு மறுத்த நண்பர்): சரி, நடந்து பார்த்தேன், 49இல் நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் 49க்குக் கீழே? அங்கே நிலை அலைகூட இல்லையே, அப்போது ஒன்றும் கேட்கக் கூடாதல்லவா?

பதில்: நல்ல கேள்வி. முதல் நிலை அலைக்குக் கீழே போகப் போக அறை முழுதும் ஒரே அழுத்தக் கலம் போல நடந்துகொள்ளும். கோன் முன்னால் வந்தால் அறையெங்கும் அழுத்தம் ஏறும், பின்னால் போனால் இறங்கும். சுவர்கள் கெட்டியாக, கதவு ஜன்னல் முழுக்க மூடியிருந்தால், கணக்குப்படி ஒரு ஆக்டேவ் கீழே போகும்போது அறை 12 டெசிபல் வரை தூக்கிக் கொடுக்கும். நிஜ வீட்டில் இடுக்குகள் வழியே கசிவதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கிடைக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மூடிய பெட்டி ஸ்பீக்கர் தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும், போர்ட் உள்ளது 24 இறங்கும். அறை தூக்குகிறது, மூடிய பெட்டி இறங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. ஆழமான பேஸுக்குச் சின்ன அறை எதிரி இல்லை, பெரிய கூடத்தை விட உதவிதான் செய்கிறது. உண்மையான தொல்லை 50 முதல் 200 வரையிலான மேடு பள்ளங்கள். அறை சதுரமாக இருந்தால் இரண்டு நிலை அலைகள் ஒரே சுருதியில் விழுந்து இன்னும் மோசமாகும்.

கேள்வி: அப்படியானால் சின்ன அறைக்கு சப்வூஃபர் சரியா?

பதில்: சரி. அது ஆழமான பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரும்பாலும் தெரியாது, அதனால் சப்வூஃபரை எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே வைக்கலாம். சின்ன வூஃபருக்கும் பாரம் குறையும். மூடிய பெட்டி சப்வூஃபராக வாங்குங்கள். பக்கத்து வீட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் ரப்பர் வைத்தால் தரை அதிர்வுதான் குறையும், காற்று வழியாகப் போவது போகத்தான் செய்யும்.

கேள்வி: பெஸ்ட் பிராண்ட் ஒன்று சொல்லுங்கள் ப்ரோ.

பதில்: மூன்று அளவுகள்.

கேள்வி: ஐயா, எல்எஸ்3/5ஏ என்று ஒரு பழைய மாடலைப் பற்றிப் பெரியவர்கள் உருகிப் பேசுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: நானும் உருகுகிறவன்தான். 1970களின் தொடக்கத்தில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கியது. வண்டிக்குள் இடம் இல்லை, ஹெட்ஃபோனை நம்பி முடிவெடுக்கவும் முடியாது, அறிவிப்பாளர் குரல் சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிரச்சினைதான் அவர்களுக்கும். 30 சென்டிமீட்டர் உயரம், 19 அகலம், 16 ஆழம், உள்ளே சுமார் 5 லிட்டர், மூடிய பெட்டி, கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர். மெல்லிய பிர்ச் பிளைவுட்டில் பெட்டி கட்டி, உள்ளே அதிர்வை அடக்கும் பட்டைகள் ஒட்டினார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் இயற்பியல் தரும். இவர்கள் இரண்டுக்குக்கூட ஆசைப்படவில்லை. சென்சிடிவிட்டி 83 டெசிபலுக்குள்தான், 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் கிடையாது, 100க்கு மேலே கொஞ்சம் மேடாக வைத்து உடம்பு இருப்பதுபோலக் காட்டினார்கள். விட்டுக்கொடுத்ததையெல்லாம் விட்டுக்கொடுத்து மனிதக் குரலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பாடகர் எதிரே நிற்பதுபோல இருக்கும். சின்ன அறையில், கிட்ட உட்கார்ந்து, குரலும் வீணையும் கேட்பவருக்கு இன்றும் சொல்வேன். ராக், மின்னணு இசையை உரக்கக் கேட்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: முட்டை ட்ரே மாதிரி ஃபோம் ஒட்டினால் பேஸ் சரியாகுமா?

பதில்: ஆகாது. 5 சென்டிமீட்டர் ஃபோம் மேல்சுருதியைத்தான் உறிஞ்சும், பேஸ் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். திரைச்சீலையும் அப்படித்தான். ஈக்வலைசரில் மேடுகளைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள், பவர்தான் வீணாகும். அதைவிட முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த கேபிள் தேவையா?

பதில்: தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 3 மீட்டர் நீளம், போக வர மொத்தம் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை.

கேள்வி: டிவிக்கு 5.1 எது வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை, ஹோம் தியேட்டர் அமைப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரவில் சத்தம் குறைத்துக் கேட்டால் பேஸே போய்விடுகிறது, ஸ்பீக்கர் கோளாறா?

பதில்: இல்லை. சத்தம் குறையும்போது காதின் பேஸ் உணர்வு மற்றதை விட வேகமாகக் குறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து வெளியிட்டது. ஆம்ப்பில் லவுட்னஸ் பட்டன் இருப்பது இதற்குத்தான், கூச்சப்படாமல் போடுங்கள்.

கேள்வி: பெஸ்ட் ஸ்பீக்கர் அண்ணா? ரூம் சின்னது.

பதில்: முதலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டேப்பை எடுங்கள். அளந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் ஜோடி பரணில் கிடந்தது. போட்டால் பேஸ் கரகரக்கிறது. தூக்கிப் போடவா? பின்னால் 30 சென்டிமீட்டர், நடுவே 1.6 மீட்டர், உட்காருவது 2 மீட்டர்.

பதில்: தூக்கிப் போடவே வேண்டாம். முன்வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்தால் காலப்போக்கில் பொடிந்து உதிரும், ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். ரப்பர் என்றால் அநேகமாக நன்றாகவே இருக்கும். ஃபோம் போயிருந்தால் கோன் விட்டத்தை அளந்து அதே அளவு வளையம் வாங்கி ஒட்டலாம். பழைய பசையை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, காயில் (கோனின் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசாதபடி கோனை நடுவில் நிறுத்திவிட்டு ஒட்ட வேண்டும். வளையம் நன்றாக இருந்தும் கரகரத்தால் அநேகமாக அந்தச் சுருள் உரசுகிறது, அதை ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். சரியான பிறகு, பின்னால் போர்ட் இருக்கிறதா, வூஃபர் எத்தனை இன்ச் என்று பார்த்து எழுதுங்கள், எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.