மகளின் பேறுகாலத்துக்குப் புறப்படும் தாயின் மருந்துப் பை

கேள்வி: எனக்கு 63 வயது. கும்பகோணத்துக்கு அருகில் வசிக்கிறேன். ஷார்ஜாவில் இருக்கும் என் மகளுக்கு இது தலைப்பிரசவம். இன்னும் ஆறு வாரத்தில் புறப்பட்டு, 60 நாள் அவளுடன் இருந்து வரப் போகிறேன். இதுதான் என் முதல் விமானப் பயணம். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் இன்சுலினைக் குப்பியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றோடு, மூட்டு வலிக்கு டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, பாத எரிச்சலுக்குப் பிரிகாபலினும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை, தூக்கத்துக்குக் குளோனாசெபாம் ஆகியவையும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளைக் கொண்டுபோவதில் என்ன தடை இருக்க முடியும் என்கிறார் என் கணவர். மகளோ, விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். இதற்கிடையில் எதிர்வீட்டு அம்மாள், துபாயில் வேலை பார்க்கும் தம் மகனுக்கு முதுகு வலி மாத்திரை கொடுத்தனுப்பக் கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டையைப் பார்த்து ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். வலி மாத்திரை, நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது. பட்டியலில் உள்ள ஏழு மருந்துகளில் இன்சுலின், மெட்ஃபார்மின், டெல்மிசார்டான், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய நான்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். மருந்துச் சீட்டோடு தேவையான அளவு கொண்டுபோகலாம். மற்ற மூன்றில்தான் உங்கள் மகளின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. டிரமடால், பிரிகாபலின், குளோனாசெபாம் ஆகிய மூன்றும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் இவற்றைக் கொண்டு இறங்குவது அங்கே வழக்குக்கும் சிறைக்கும் இடம் தரக்கூடிய செயல்.

நம் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து எப்படிக் குற்றமாகும் என்று உங்கள் கணவர் கேட்பது இயல்பே. எந்த மருந்தைக் கட்டுப்பாட்டில் வைப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் அனுபவத்தையும் அச்சத்தையும் பொறுத்துத் தானே முடிவு செய்கிறது. டிரமடால் வலியைக் குறைப்பது போலவே, அளவு மீறினால் போதையும் தரும், பழக்கத்துக்கும் உள்ளாக்கும். அதனால்தான் நம் நாட்டிலேயே 2018-இல் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். பாத எரிச்சலுக்குச் சர்க்கரை நோயாளிகள் பல்லாயிரம் பேர் சாப்பிடும் பிரிகாபலினை, பிரிட்டன் 2019 ஏப்ரலில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானிலோ, சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலந்த சாதாரணச் சளி மாத்திரைக்குக்கூட அனுமதி இல்லை. ஆகவே வளைகுடா நாடுகள் மட்டும்தான் கடுமை காட்டுகின்றன என்று எண்ண வேண்டாம். ஒரு நாட்டில் கேட்டு அறிந்ததை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, பயண விவரத்தைச் சொல்லி, இந்த மூன்று மருந்துகளும் உங்களுக்கு இன்னமும் தேவைதானா என்று கேளுங்கள். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் மட்டுமே போதும் என்று அவர் கருதலாம். பாத எரிச்சலுக்குக் கட்டுப்பாடு இல்லாத வேறு மருந்தை அவர் தரலாம். மாற்றினால் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வம்பே வேண்டாம் என்று இந்த மாத்திரைகளை நீங்களாகவே வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்ட குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடுவதோடு நடுக்கமும் பதற்றமும் வரும்; சிலருக்கு வலிப்பே வந்துவிடும். மற்ற இரண்டையும்கூடப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் கையில் இருப்பது நல்லதாயிற்று. இன்னொன்று, டிரமடாலுக்குப் பதிலாக டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவரின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல.

எந்த மருந்து தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்கிறாரோ அதற்கு அமீரக அரசின் அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே பெற வேண்டும். அந்த அரசின் இணையச் சேவை வழியாக இதற்கு விண்ணப்பிக்கலாம். மருந்துச் சீட்டு, நோய் விவரத்தைக் கூறும் டாக்டரின் கடிதம், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். அங்கேயே வசிப்பதால் உங்கள் மகளோ மாப்பிள்ளையோ இதை உங்களுக்காகச் செய்வது எளிது. இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் அச்செடுத்து இரண்டு படிகள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு மாத்திரைகூட உங்கள் பெட்டியில் இருக்கக் கூடாது.

டாக்டரின் கடிதத்தில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. நம் மருந்துச் சீட்டுகளில் பெரும்பாலும் இனிஷியலும் பெயரும் மட்டும் இருக்கும், சில வேளைகளில் பெயர் மட்டுமே இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அந்த இனிஷியல் தந்தை பெயராகவோ கணவர் பெயராகவோ முழுமையாக விரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், அயல்நாட்டுச் சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஆகவே டாக்டரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, அதில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். மருந்துகளின் மூலப்பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நோய்க்காக என்பவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். இன்சுலினும் ஊசியும் கொண்டுவருவதை அதே கடிதத்தில் ஒரு வரியில் சேர்த்துவிடட்டும்.

மருந்து வாங்கும்போது முழு அட்டையாகவே வாங்குங்கள். நான் பல ஆண்டுகள் மருந்துக் கடையில் இருந்தவன். வேண்டிய அளவுக்கு அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அச்சான பகுதி பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடும், பெயரில்லாத நான்கு மாத்திரைகள் காகித உறையில் உங்கள் கைக்கு வரும். வீட்டுக்கு அது போதும், விமான நிலையத்துக்குப் போதாது. காலை, பகல், இரவு என்று மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் டப்பாவையும் ஷார்ஜா போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். கடை பில்லை மருந்தோடு வைத்திருங்கள்.

எதிர்வீட்டு அம்மாளின் வேண்டுகோளுக்கு என் பதில், கூடாது என்பதே. 2017 அக்டோபரில் ஒரு பிரிட்டன் பெண், தம் துணைவரின் முதுகு வலிக்காக 290 டிரமடால் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு எகிப்தின் ஹுர்காதா விமான நிலையத்தில் இறங்கினார். அந்த நாட்டில் அது தடைக்குரியது என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அவர் கொண்டுபோனதும் முதுகு வலி மாத்திரைதான். உங்களுக்கு எழுதப்பட்ட மருந்துக்குச் சீட்டும் கடிதமும் அனுமதியும் காட்டலாம். இன்னொருவர் மருந்துக்கு நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? பெட்டியில் இருப்பதற்கெல்லாம் பெட்டிக்கு உரியவரே பொறுப்பு. எத்தனை ஆண்டுப் பழக்கமானாலும், அந்த அம்மாளின் மனம் கொஞ்சம் வருந்தினாலும், மறுத்துவிடுங்கள். அவர் மகன் அங்கேயே ஒரு டாக்டரைப் பார்ப்பதுதான் அவருக்கும் பாதுகாப்பு.

பேறுகாலத்துக்குப் போகும் தாய் வெறுங்கையோடு போக மாட்டார் என்பதால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அபினி எடுக்கும் செடியின் விதை அது. தனியாக மட்டுமல்ல, அது சேர்த்து அரைத்த மசாலாப் பொடியாகவும் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் கிளறிய பிரசவ லேகியத்தையும் பெயர்ச்சீட்டு இல்லாத சூரணத்தையும் தவிர்ப்பது நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அங்கே உங்களால் நிரூபிக்க முடியாது. சுக்கும் திப்பிலியும் ஓமமும் ஷார்ஜாவிலேயே நம்மவர் கடைகளில் கிடைக்கும், மகள் வீட்டு அடுப்பிலேயே கிளறிக் கொடுங்கள்.

இன்சுலினைப் பற்றிச் சட்டக் கவலை இல்லை என்றாலும் வேறு கவலை உண்டு. நீங்கள் குப்பியிலிருந்து எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் விற்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உடையவை. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இன்சுலின்தான் வழக்கில் இருக்கிறது. அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். அங்கே குப்பி உடைந்துபோய், அவசரத்தில் அந்த ஊர் இன்சுலினை வாங்கி, கையில் உள்ள சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்கி விழ அது போதும். உங்கள் குப்பியில் 40 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே புதிய இன்சுலின் வாங்க நேர்ந்தால் அதற்குரிய சிரிஞ்சையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.

அந்த நிலை வராமல் இருக்கக் கணக்குப் பார்த்து எடுத்துப் போவதே மேல். உங்களுக்கு ஒரு நாளைக்கு 32 யூனிட். 10 மில்லிலிட்டர் குப்பியில் 400 யூனிட் இருப்பதால் ஒரு குப்பி பன்னிரண்டு நாள் வரும். 60 நாளுக்கு ஐந்து குப்பி, உடைந்தால் ஈடுகட்ட இன்னொன்று, ஆக ஆறு. இவற்றைச் சரக்காகப் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் அடியில் குளிர் மிகுந்தால் இன்சுலின் உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. கூடவே வரும் கைப்பையில், சிரிஞ்சுகளோடும் டாக்டர் கடிதத்தோடும் வைத்து, சோதனை செய்யும் ஊழியரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். குளிர்ப்பையில் வைத்தால் ஐஸ் கட்டி குப்பியை நேரடியாகத் தொடாதபடி துணியில் சுற்றி வையுங்கள். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் என்பதால் வழியில் குளிர்ச்சிக்காக நீங்கள் பதற வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்ததும் திறக்காத குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டிக்குள், உறைநிலைப் பகுதிக்கு வெளியே வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் ஒரு மணி நேரம்கூட விட்டு வைக்காதீர்கள். வீட்டில் பச்சிளங் குழந்தை இருக்கப் போகிறது. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு இறுக மூடி வையுங்கள்.

ஷார்ஜா நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இந்தச் சிறு இடைவெளிக்காக இன்சுலின் அளவை மாற்றத் தேவை இருக்காது. முதல் நாளிலிருந்தே அந்த ஊர் உணவு நேரத்தை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை பார்க்கும் கருவியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு வலி எடுக்கும் நாளில் நீங்கள் மருத்துவமனை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரும்; சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அன்று ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டு முன்னால் வந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், கைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸும் இரண்டு பிஸ்கட் பொட்டலமும் எப்போதும் இருக்கட்டும்.