கைப்பின்னலுக்கு ஆர்கானிக் காட்டன் நூல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதன்முதலில் ஆர்கானிக் காட்டன் வாங்கியதும் அதற்குத்தான். லேபிளில் பச்சை இலைப் படம், தொட்டால் பூ மாதிரி மென்மை, வேறென்ன வேண்டும் என்று அள்ளிக்கொண்டு வந்தேன். பின்னி முடித்து ஒரே ஒரு தடவை துவைத்துக் கொடியில் போட்டேன். ஸ்வெட்டர் கவுனாகிவிட்டது!

நூலில் ஏமாற்று எதுவும் இல்லை. கம்பளி இழுத்தால் திரும்பிக்கொள்ளும், பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. நனைந்தால் தன் கனத்திலேயே தொங்கும். நான் எடுத்ததோ முறுக்கில்லாத ஒற்றைப் புரி நூல். ஆர்கானிக் என்பது செடி வளர்ந்த விதத்தைச் சொல்லும் சொல்: செயற்கை உரமில்லை, ரசாயனப் பூச்சிமருந்தில்லை, மரபணு மாற்றிய விதையில்லை. எப்படி நூற்றார்கள் என்பதை அது சொல்லாது, நம் விரல்தான் பார்க்க வேண்டும்.

நூல் நுனியைப் பிரித்துப் பாருங்கள். மூன்று நான்கு புரி சேர்த்து நன்றாக முறுக்கியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஊசிமுனை நூலுக்குள்ளேயே புகுந்து இழையைக் கிழிக்கும், ஒவ்வொரு கண்ணிக்கும் எரிச்சல்தான். பிறகு ஒரு சாண் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பத்துத் தடவை தேயுங்கள். பஞ்சு எழும்பினால், போட்ட நாலாவது நாளே அக்குளில் குட்டிக் குட்டி உருண்டை கட்டும். ரொம்பவும் மெத்தென்று இருக்கிற நூல் மீது எனக்கு இப்போது சந்தேகம்தான், பாதி நேரம் அது முறுக்குக் குறைச்சல். பிமா, சுவின் போன்ற நீள இழைப் பருத்தி கிடைத்தால் மென்மையும் உறுதியும் சேர்ந்தே வரும்.

சான்றிதழ்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓ.சி.எஸ். (Organic Content Standard) பஞ்சு ஆர்கானிக்தானா என்று மட்டும் பின்தொடரும், சாயப்பட்டறைக்குள் எட்டிப் பார்க்காது. ஓகோ-டெக்ஸ் 100 தீங்கான ரசாயனம் மிச்சமிருக்கிறதா என்ற பரிசோதனை, சாதாரணப் பருத்திக்கும் கிடைக்கும். ஜி.ஓ.டி.எஸ். (Global Organic Textile Standard) சாயம், வெளுப்பு வரை கட்டுப்படுத்துகிறது, குளோரின் வெளுப்புக்கு அதில் இடமில்லை. அதிலும் இரண்டு படி: ஆர்கானிக் இழை 95 சதவீதத்துக்கு மேல் ஒன்று, 70 சதவீதத்துக்கு மேல் இன்னொன்று. எதையும் வாயில் வைக்கிற வயசு என்பதால் குழந்தைக்கு நான் ஜி.ஓ.டி.எஸ். தான் எடுப்பேன். முத்திரையோடு உரிம எண்ணும் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும். வெறும் இலைப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

முதலில் ஒரு கண்டு மட்டும் வாங்கி, 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். அளந்து, துவைத்து, கனத்துக்காகக் கீழ்விளிம்பில் நாலைந்து கிளிப் மாட்டித் தொங்கவிட்டுக் காய்ந்ததும் மறுபடி அளந்தால் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துவிடும். அசல் ஸ்வெட்டரைத் தொங்கவிடாதீர்கள், குளியல் துண்டு விரித்து அதன்மேல் படுக்கப் போட்டுக் காயவையுங்கள். இடுப்புப் பட்டிக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு எண் சிறிய ஊசி எடுத்தால் கொஞ்சம் பிடிப்பு நிற்கும்.

பிடித்துப்போனால் மீதியை மொத்தமாக, ஒரே லாட் எண்ணில் வாங்குங்கள். லாட் மாறினால் நிறமும் கொஞ்சம் மாறும், சாயம் போடாத நூலுக்கும் இது உண்டு. ஒரு அறுவடைப் பஞ்சு பால் நிறம், அடுத்தது வைக்கோல் நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.